நுளம்புவலைக்குள் வாற்பேத்தைகள்

கல்கிசையில் வீட்டுக்குள் நீர்த்தொட்டி வைத்திருப்பவர் கேள்விகளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். என் பேரனும் அவர்களுள் ஒருவன். ஆகவே மருமகளின் அச்சத்தை நான் மறுக்கவில்லை.

அந்தப் பேரன்தான் இப்போது வாற்பேத்தை வளர்க்கிறான். மரத்தவளை நுரைக்கூடு கட்டிய இலையைக் கண்ணாடித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டான். சில நாட்களில் குஞ்சுகள் சொட்டுச் சொட்டாக நீரில் வீழ்ந்தன. குளோரின் போகும்படி ஒருநாள் வெயிலில் வைத்த குழாய்நீர், அவித்த கீரை, மேலே இறுகக் கட்டிய நுளம்புவலை. செலவு அவ்வளவே.

இலண்டன் நண்பரொருவர் நியூட் குடம்பிகளை வளர்க்கிறார். வாலுள்ள அவ்வினம் நம் தீவில் இல்லை. அவை கீரையைத் தொடா. அசையும் இரைதான் வேண்டும், நெருக்கமானால் ஒன்றையொன்று கடிக்கும். முன்கால்கள் அவற்றுக்கு முதலில் முளைக்கும், நம்முடையவற்றுக்குப் பின்கால்கள். முன்காலும் வந்துவிட்டால் ஏறியமர ஒரு கல் வைக்க வேண்டும். இல்லையேல், வாசகர்கள் சிரிக்கலாம், தவளை நீரில் மூழ்கி இறக்கும்.

சென்ற வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். பேரன் வலையின் விளிம்பைத் தானே காட்டினான். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, வால் எங்கே போகிறது என்று கேட்டார்.