மூச்சு வாங்கியது யார் குற்றம்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதம், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பீவர் கிரீக் மலையில் நடந்த எக்ஸ்டெர்ரா போட்டியில் நாங்கள் இரண்டு பேர் கலந்துகொண்டோம். ஒருவர் கடைசி வரிசையில் வந்து முடித்தார். இன்னொருவர் பாதியிலேயே நின்றுவிட்டார். யார் முடித்தது, யார் நின்றது என்று எழுதுவதில்லை என இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஏன் என்பது படித்து முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

எக்ஸ்டெர்ரா என்பது காட்டுப்பாதையில் நடக்கும் டிரையத்லான். 1996-ல் ஹவாயின் மாவித் தீவில் தொடங்கியது. முதலில் நீச்சல், அடுத்து மலைச் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடைவெளி இல்லாமல் செய்ய வேண்டும். பீவர் கிரீக்கில் நீச்சல் ஏவன் என்ற ஊரின் ஏரியில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஏரியே கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து பனிச்சறுக்கு மலைச்சரிவுகளில் சுமார் 24 கிலோமீட்டர் சைக்கிள். அதில் ஏற வேண்டிய உயரம் மட்டும் 1,000 மீட்டருக்கு மேல். அதன் பிறகு காட்டுக்குள் ஒன்பது கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம்.

நாங்கள் அப்போது ஹூஸ்டனில் ஆராய்ச்சி மாணவர்கள். ஒருவருக்கு விழுப்புரம் பக்கம், இன்னொருவருக்குத் தேனி பக்கம். இருவரும் காலனியில் பிறந்தவர்கள். பதிவுப் படிவத்தை நிரப்பும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் போட்டிக்குத் தேவையானவை தண்ணீர், சைக்கிள், செருப்பு. ஊர்க் குளத்தில் நம் ஆட்கள் இறங்கக் கூடாது. எங்கள் அப்பாக்கள் ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். தாத்தாக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்கள். நாங்கள் இருவருமே 25 வயதுக்கு மேல்தான் நீந்தக் கற்றோம், பல்கலைக்கழக நீச்சல் குளத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

வீட்டில் சொன்னபோது ஒருவருடைய அம்மா போனில் கேட்டார்: "காசு குடுத்துக் கஷ்டப்படப் போறியாடா? இங்க வா, நூறு நாள் வேலைக்கு அனுப்புறேன். அவங்களே காசு குடுப்பாங்க."

ஆறு மாதம் பயிற்சி எடுத்தோம். ஹூஸ்டன் தட்டையான ஊர், கடல் மட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மலைக்கு எங்கே போவது? பல மாடி வாகன நிறுத்தத்தின் சரிவுகளில் இரவு பத்து மணிக்கு மேல் சைக்கிளில் ஏறி இறங்கினோம். நீச்சல் நேரம் குறைந்தது. ஓட்டத்திலும் நல்ல முன்னேற்றம். தைரியமாகத்தான் போனோம்.

உயரத்துக்கு உடம்பு பழக இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போய்த் தங்க வேண்டும் என்று படித்திருந்தோம். விடுப்பும் இல்லை, அறை வாடகைக்குப் பணமும் இல்லை. போட்டிக்கு முந்தைய நாள் மாலைதான் போய்ச் சேர்ந்தோம். இரவு இருவருக்கும் தலைவலி. சரியான தூக்கமும் இல்லை.

காலையில் ஏரித் தண்ணீர் சில்லென்று இருந்தது. உடலை இறுக்கிப் பிடிக்கும் நீச்சல் உடை வேறு. கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்தோம். நூறு மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டியது. தலையைத் தூக்கி எவ்வளவு இழுத்தாலும் காற்று போதவில்லை. எங்களில் ஒருவர் மல்லாந்து மிதந்தார். இன்னொருவர் காவலுக்கு நின்ற சிறு படகைப் பிடித்துக்கொண்டார். படகில் இருந்த வயதான பெண், "அவசரமில்லை, மூச்சு சீராகட்டும்" என்றார். சீராவதற்குள் மொத்தக் கூட்டமும் தூரத்தில் போய்விட்டது.

சைக்கிளில் முதல் ஏற்றத்திலேயே தெரிந்துவிட்டது. கால் வலிக்கவில்லை, ஆனால் கால் நகரவில்லை. நெஞ்சு பறை மாதிரி அடித்தது. இறங்கித் தள்ளினோம். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. அவரை இறக்கியது மனிதர்கள், எங்களை இறக்கியது மலை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச மாட்டோம். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த நினைவு வந்தது என்பதை மறைக்கவும் விரும்பவில்லை.

பாதி மலையில் ஒருவருக்கு வாந்தி. தலை சுற்றியது. உதவிக் குழுவினர் வந்து பார்த்து, இதற்கு மேல் ஏறுவது நல்லதல்ல, இறங்குவதுதான் மருந்து என்றார்கள். "நீ போ" என்று ஒருவர் சொல்ல, "வேண்டாம், நானும் வர்றேன்" என்று மற்றவர் சொல்ல, கடைசியில் ஒருவர் மட்டும் போனார். ஓட்டம் என்ற பெயரில் பெரும்பாலும் நடந்துதான் முடித்தார். அவர் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று இரவு அறையில் இருவரும் பேசவே இல்லை. பிறகு ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நமக்கெல்லாம் இது தேவையா?"

அந்த "நமக்கெல்லாம்" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் தெரியும். கல்லூரி முதல் செமஸ்டரில், கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ஓடும் வகுப்பு புரியாமல் விழித்தபோது எங்களுக்குள் கேட்ட அதே சொல். பக்கத்தில் யாரோ "கோட்டா" என்று முணுமுணுத்தபோது கேட்ட அதே சொல். மலையில் எங்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம்.

இப்போது கொஞ்சம் அறிவியல். காற்றில் ஆக்சிஜன் கடற்கரையிலும் 21 சதவீதம், அந்த மலையிலும் 21 சதவீதம். காகிதத்தில் சமம். ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் அந்த ஏரிக்கரையில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அங்கேயே வாழ்கிறவர்களின் உடம்பு இதற்குப் பழகிவிடுகிறது. புதிதாகப் போகிறவர்களின் உடம்பும் பழகும். ரத்தச் சிவப்பணுக்கள் கூடும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும்.

1968 ஒலிம்பிக் மெக்சிகோ நகரில் நடந்தது. உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டர். டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்திய அதே ஒலிம்பிக்தான். அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தில், அந்தத் தூரத்தின் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். ஆக்சிஜன் கொடுத்துத்தான் அவரை எழுப்ப வேண்டியிருந்தது. வென்றவர் கென்யாவின் நஃப்தாலி டெமு. கிளார்க்குக்குத் திறமை இல்லை என்று யார் சொல்வார்கள்? காற்று மெலிந்த இடம் என்று எல்லாருக்கும் புரிந்தது.

விளையாட்டில் இது புரிகிறது. வகுப்பறையில் மட்டும் புரிய மறுக்கிறது. மூன்று தலைமுறையாக ஆங்கிலமும் புத்தகமும் டியூஷனும் உள்ள வீட்டிலிருந்து வருகிறவர், அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நாம் முந்தைய நாள் மாலை போய் இறங்கியவர்கள். தொடக்கக் கோடு ஒன்றுதான், கேள்வித்தாளும் ஒன்றுதான். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்த்து, நுரையீரலே சரியில்லை என்கிறார்கள். தகுதி, திறமை என்ற பேச்சில் பாதி இதுதான்.

எல்லாப் பழியையும் காற்றின் மேல் போடவும் மாட்டோம். தொடக்கத்தில் வேகமாகப் பாய்ந்தது எங்கள் தவறு. தண்ணீர் குறைவாகக் குடித்தது எங்கள் தவறு. அவற்றைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் எது நம் தவறு, எது காற்று என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், திருத்த வேண்டியதைத் திருத்தாமல் நம்மையே வெறுக்க ஆரம்பித்துவிடுவோம். முதல் செமஸ்டரோடு படிப்பை விட்டவர்கள் எங்கள் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை குறைவாக இருக்கவில்லை. பழக நாள் கொடுக்கப்படவில்லை.

எனவே தம்பிகளே, தங்கைகளே, இந்த ஆண்டு புதிதாகக் கல்லூரிக்குள் நுழைகிறவர்களே, முதல் மாதம் மூச்சு முட்டினால் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் இல்லை. சீனியர் அண்ணனிடம், அக்காவிடம் கேளுங்கள். பயிற்சி வகுப்பைக் கேளுங்கள், உதவித்தொகையை நேரத்துக்குக் கேளுங்கள், பழகுவதற்கு நாள் கேளுங்கள். அது சலுகை இல்லை, உங்கள் உரிமை. முன்பே போன எங்களைப் போன்றவர்களின் வேலை, அடுத்து வருகிறவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே வந்து தங்க ஓர் இடம் ஏற்பாடு செய்வது.

யார் முடித்தார் என்று நாங்கள் சொல்லாததற்குக் காரணமும் இதுதான். இருவரும் ஒரே நுரையீரலோடுதான் போனோம்.

மறுநாள் இரண்டு அம்மாக்களும் போனில் பேசினார்கள். முடித்தாயா என்று இருவருமே கேட்கவில்லை. "சாப்டியா?" என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த முறைக்கு உண்டியலில் பணம் சேர்க்கிறோம். போட்டிக்கு அல்ல, இரண்டு வார அறை வாடகைக்கு.

ஜெய்பீம்.