வாட்டம்

சித்திரையில் உப்பளத்து வீட்டின் மொட்டைமாடிக்குத் தட்டோடு பதித்தோம். ஐப்பசி முதல் மழைக்கே அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது. ஏறிப் பார்த்தால், தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் நடுமாடியில் குளமாக நிற்கிறது. வாட்டமே கொடுக்கவில்லை. ஓட்டு இடுக்கில் அடைத்த சிமெண்ட் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. வயிறு எரிந்தது.

மேஸ்திரி போனை எடுக்கவில்லை. தண்ணீர் நிற்கும் படங்கள், பணம் கட்டிய விவரம், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கொட்டேஷன் எல்லாவற்றையும் இணைத்து, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் வந்து நின்றார்.

"அண்ணே, கூலி என்னுது. ஓடு மட்டும் நீங்க வாங்கிக் குடுங்க."

"ஓடும் உங்க பொறுப்புதான் மேஸ்திரி."

எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுபடி பதித்ததும் மாடியில் தண்ணீர் ஊற்றி, அது ஓடி வடிந்ததைப் பார்த்த பிறகே பாக்கியைக் கொடுத்தேன்.

அவர் வராமல் போயிருந்தாலும் சட்டத்தில் வழி இருந்தது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வேலைக்குப் புகார்க் கட்டணமில்லை. உதவி எண் 1915.

உங்கள் வீடு ஒழுகினால், பூசி மறைப்பதற்கு முன் தயவுசெய்து படம் எடுத்து வையுங்கள்.