மகாநாடும் மாலை விருந்தும்

கட்சி மகாநாடு என்றதும் பத்திரிகை வாசிக்கும் நமக்கு நினைவுக்கு வருபவை கொடியேற்றமும், தலைமையுரையும், தீர்மானங்களுமே. கூட்டம் கலைந்து பொழுது சாய்ந்த பின்னர், அங்கே கூடியவர்கள் எங்கே அமர்ந்து யாருடன் உண்டார்கள் என்பதை எந்த நிருபரும் எழுதுவதில்லை. ஆயினும், ஒரு கட்சியின் உண்மையான முகத்தை அறிய விரும்புவோர் மேடையைப் பார்ப்பதிலும் பந்தியைப் பார்ப்பதே நன்று என்பது என் எண்ணம். அவ்வெண்ணம் எனக்கு உண்டான விதத்தை வாசக நேயர்களுக்குக் கூறுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், வெள்ளவத்தையிலுள்ள என் வீட்டுக்கு ஓர் அழைப்பிதழுடன் வந்தார். அவர் சார்ந்த கட்சியின் மகாநாடு கொழும்பில் நடைபெறவிருந்தது. அதையொட்டிய மாலை விருந்துக்கு நானும் வரவேண்டுமாம். "சேர், நீங்கள் பேசத் தேவையில்லை, வந்து நின்றால் போதும்" என்றார். அரசியலில் எனக்கு ஈடுபாடு அதிகமில்லை. எனினும் அவருடைய அன்பைத் தட்ட மனமின்றிச் சென்றேன்.

காலிமுகத்திடலுக்குச் சமீபமான ஒரு ஹோட்டலின் புல்வெளியில் விருந்து நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசைகளில் றோல்ஸும் கட்லற்றும் அடுக்கியிருந்தன. வர்த்தகர்கள், வழக்கறிஞர்கள், வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்த அன்பர்கள் என்று பலர் கூடி நின்று சம்பாஷித்துக்கொண்டிருந்தனர். ஆனால் மன்னாரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பஸ்களில் வந்து, பகல் முழுவதும் கைதட்டிய பிரதிநிதிகளில் ஒருவரையேனும் அங்கே காணவில்லை. அவர்கள் எங்கே என்று மாணவரிடம் வினவினேன்.

"பின்பக்கத்து மண்டபத்தில் அவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்திருக்கிறோம், சேர். இரவோடிரவாகத் திரும்பவேண்டுமல்லவா?" என்றார்.

அவர் குரலில் வஞ்சகம் எதுவும் இல்லை. ஏற்பாடு ஒழுங்காக நடந்த திருப்தியே இருந்தது. ஆனால் என் கையிலிருந்த தட்டு சட்டென்று கனத்தது.

மகாநாட்டு விருந்து என்பது புதிய வழக்கமன்று. இந்திய தேசிய காங்கிரஸின் இரண்டாவது மகாநாடு 1886இல் கல்கத்தாவில் கூடியபோது, வைஸ்ராய் டஃபரின் பிரபு பிரதிநிதிகளைத் தம் தோட்டத்துக்கு அழைத்து உபசரித்தார். மறு ஆண்டு, பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் 607 பிரதிநிதிகள் சென்னையில் கூடினர். அங்கே கவர்னர் கொன்னிமாரா பிரபு அவர்களுக்கு விருந்தளித்தார். அடுத்த ஆண்டே காற்றுத் திசை மாறிற்று. காங்கிரஸ்காரர் நாட்டு மக்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு தொகையினர் என்னும் பொருள்பட அதே டஃபரின் பிரபு 1888 நவம்பரில் ஒரு விருந்து மண்டபத்திலேயே பேசினார். பெரியோர் தரும் தேநீர் எவ்வளவு விரைவில் ஆறிவிடுகிறது!

ஆனால், என்னை அதிகம் சிந்திக்க வைப்பது 1901ஆம் ஆண்டு கல்கத்தா மகாநாடு. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த காந்தியடிகள் அங்கே கண்டவற்றைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தென்னாட்டுப் பிரதிநிதிகள், தாம் உண்பதைப் பிறர் பார்த்தாலே தீட்டு என்று கருதினார்களாம். ஆகவே அவர்களுக்கென்று தட்டி கட்டிய தனிச் சமையலிடம் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. மூச்சுத் திணறும் புகைக்குள்ளே சமையலும், சாப்பாடும், கைகழுவுதலும் நடைபெற்றன. மேடையிலே பாரத நாடு ஒன்று. பந்தியிலோ ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் ஆகாது!

இக்குறையை நம்மவர் உணராமலில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்த அவ்விளைஞர்கள், தீண்டாமையை எதிர்த்துப் பேசியதோடு நில்லாது, சாதி பாராமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டும் காட்டினார்கள். ஊரிலே அதற்காக அவர்கள் பெற்ற வசைகள் கொஞ்சமல்ல.

இனி, என் பாட்டனாரின் கதைக்கு வருகிறேன். அவரை நாங்கள் அப்பு என்று அழைப்போம். 1956 யூன் 5ஆந் தேதி, சிங்களம் மட்டும் என்ற மசோதாவை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டனர். அதன்பின் ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மகாநாடு கூட்டியது. வடக்கிலும் கிழக்கிலும் பல ஊர்களிலிருந்து தொண்டர்கள் கால்நடையாகவே அங்கு சென்றனர். திருமலை யாத்திரை எனப்பட்ட அந்த நடைப்பயணத்தில் அப்புவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது முப்பது.

சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலைநாட்டுத் தமிழருக்குப் பிரசாவுரிமை, அரசாங்கக் குடியேற்றங்களை நிறுத்தல் என்னும் நான்கு கோரிக்கைகளை அம்மகாநாடு முன்வைத்து, அரசாங்கத்துக்கு ஓராண்டு தவணை கொடுத்தது. தவணை முடியுமுன்னரே, 1957 யூலையில் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. இவையெல்லாம் சரித்திரப் புத்தகங்களில் உள்ளவை. அப்பு சொன்னது புத்தகத்தில் இல்லாதது.

வன்னியிலே ஒரு கிராமம். பெயர் அவருக்கு மறந்துவிட்டது. மாலை மங்கும் வேளையில் கால் கொப்புளித்து வந்தவர்களை அவ்வூரார் மரநிழலில் இருத்தி, வாழையிலை போட்டுச் சோறு படைத்தார்கள். அப்புவுக்குப் பக்கத்தில் அமர்ந்தவர் எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு தொழிலாளி. அக்கால வழக்கப்படி எங்கள் வீட்டு வாசற்படியும் ஏற முடியாதவர். அன்றோ இருவரும் தோளோடு தோள் உரச உண்டார்கள். இரவில் ஒரே பாயிற் படுத்து விடியும்வரை கதைத்தார்கள். "என்ரை சீவியத்திலை அப்பிடி ஒரு சோறு நான் பிறகு திண்டதில்லை" என்பார் அப்பு.

ஊர் திரும்பிச் சில மாதங்களின் பின், அந்த மனிதர் ஏதோ அலுவலாக வீட்டுக்கு வந்தார். ஆச்சி வழக்கம்போலச் சிரட்டையிலே தேத்தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்தார். அப்பு திண்ணையில் இருந்தார். பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வந்தவர் குடித்து முடித்துச் சிரட்டையை மெல்லக் கவிழ்த்துவிட்டு, சிரித்தபடியே கேட்டாராம்: "ஏன் ஐயா, திருமலைக்குப் போகேக்கை திண்ட சோறு அதுக்கிடையிலை செமிச்சுப் போச்சுதோ?"

பிறகு அவர் எங்கள் வீட்டுப்பக்கம் வரவேயில்லை. தேநீர்க் கடை முதலிய பொது இடங்களில் பிறப்பைக் காரணமாகக் காட்டி ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இல் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் எங்கள் வீட்டுக் குசினிவரை வருமா? 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த அப்பு, தம் கடைசிக் காலத்தில் இதை எனக்குச் சொன்னார். "அடுத்தமுறை வந்தால் உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்துவம் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தனான், தம்பி" என்று கூறிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

இந்த நினைவுகளுடன், தட்டை ஒரு மேசையில் வைத்துவிட்டுப் பின்மண்டபத்தை நோக்கி நடந்தேன். பஸ்களில் ஒன்று மட்டுமே நின்றது. மண்டபத்தில் பார்சல் கட்டிய தாள்கள் மூலையில் குவிந்து கிடந்தன. மலைநாட்டிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர், வாங்கில் சற்று நகர்ந்து எனக்கு இடம் தந்தார்.

"சாப்டீங்களா ஐயா?" என்றார்.

ஆம் என்றேன். அவ்வளவு வெட்கத்துடன் அச்சொல்லை நான் என்றும் சொன்னதில்லை.

"நாங்களும் சாப்டோம். சோறு நல்லாத்தான் இருந்திச்சு. தலைவரக் கிட்டத்துல பாக்கலாம்னுதான் வந்தோம். அதுதான் முடியல" என்று கூறிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார். தலைவர் அவ்வேளையில் அங்கிருந்து ஐம்பது யார் தூரத்தில், புல்வெளியில், கையில் கோப்பையுடன் நின்றார்.

விடைபெறும்போது இதை மாணவரிடம் சொன்னேன். அவர் நல்லவர், முகம் வாடிற்று. சிறிது நேரம் பேசாதிருந்து, "அடுத்தமுறை கவனிப்போம், சேர்" என்றார்.

அடுத்தமுறை! அந்தச் சொல்லை நம்பித்தான் என் அப்பு நாற்பது ஆண்டுகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.