தந்தையார் செவிக்கும் மைந்தன் கடற்கரைக்கும்

கம்பித் தொடர்பின்றிக் கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியே ஒலியைப் பெற்று முழங்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்குவதென்று நாம் முடிவு செய்த அன்றே எமது இல்லம் இரு கட்சியாயிற்று. எண்பதைக் கடந்த எமது தந்தையாருக்கு வீட்டிலிருந்து செய்தி கேட்க வேண்டும். மைந்தனுக்கோ அதனை நண்பர்களுடன் காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு வாங்க ஆசிரியர் சம்பளம் இடந்தராது.

கடையிலிருந்த இளைஞர் இரண்டினை எம்முன் வைத்தார். ஒன்று 20 உவாற்று, மற்றது 40. "சேர், இது ரெண்டு மடங்கு சத்தம்" என்றார். அஃது அவ்வாறன்று. ஆற்றல் இருமடங்கானால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். இருமடங்கு உரப்பென்று செவி உணர, ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். வகுப்பறைப் பழக்கம் எம்மை விடவில்லை. இதனை அவருக்கு விளக்கத் தொடங்கிவிட்டோம். பாவம், பொறுமையாகக் கேட்டார்.

மைந்தன் பெட்டியிலிருந்த ஐ.பி. 67 என்னும் குறியைச் சுட்டினான். அதில் 6 என்பது தூசி புகாமையையும், 7 என்பது ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாங்குவதையும் குறிக்கும். ஆயினும் அச்சோதனை நன்னீரிற் செய்யப்படுவது. கடல்நீர் பட்டால் கழுவித் துடைத்தல் வேண்டும். சினிமாப் பாட்டொன்றைப் போட்டுப் பார்த்துப் பெரியதையே வாங்கினோம்.

அன்றிரவு அதனைக் கூடத்து மூலையில் வைத்துச் செய்தியை ஒலிக்கவிட்டோம். தந்தையார் கையைச் செவியில் வைத்துச் சிறிது நேரம் முயன்றார். "இடி முழங்கிற மாதிரிக் கிடக்கு, தம்பி. ஆள் என்ன சொல்லுறார் எண்டுதான் விளங்கேல்லை."

எமக்கு நெஞ்சு சுருக்கென்றது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லை, பற்றரியும் கிடைப்பதரிது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலை நாம் கையாற் சுழற்ற, டைனமோவின் மின்னில் வானொலி பேசும். தந்தையார் குனிந்து கேட்பார். எமது கை தளர்ந்தால் குரலும் தளரும். அந்தச் சிறு பெட்டியில் அவருக்கு ஒரு சொல்லும் தப்பியதில்லை.

காரணத்தைப் பின்னரே எண்ணினோம். வெட்டவெளியில் தாழ்சுருதி ஒலியைத் திருப்பித்தரச் சுவரில்லை. ஆதலால் இத்தகைய கருவிகள் பலவற்றில் அதனை மிகுத்தே அமைக்கின்றனர். வீட்டு மூலையில் அது மேலும் பெருகும். முதுமையிலோ உயர்சுருதிச் செவிப்புலனே முதலிற் குறையும். சகரம் போன்ற மெய்யொலிகள் தெளிவு பெறுவது அவ்வுயர்சுருதியிலேதான். கடையில் ஒரு செய்தி வாசிப்பைக் கேட்டுப்பார்க்க எமக்குத் தோன்றவில்லையே! சிறியதே போதுமாயிருந்திருக்கும், பணமும் மிஞ்சியிருக்கும்.

மறுநாள் கைப்பேசிச் செயலியிலே தாழ்சுருதியைக் குறைத்து, பெட்டியை மூலையிலிருந்து எடுத்து, அவரது சாய்மனைக் கதிரையருகே முக்காலியில் வைத்தோம்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறை, தம்பி. இவ்வளவு வேண்டாம்" என்றார்.

சென்ற ஞாயிறு மைந்தன் அதனைக் கடற்கரைக்குக் கேட்டான். காலைச் செய்தி முடியட்டும் என்றார் அவனது அப்பப்பா. படலையடியில் சைக்கிளோடு காத்துநின்ற நண்பர்களும் செய்தி முழுவதையும் கேட்டுவிட்டே புறப்பட்டனர்.