கிடார் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர்

"அக்கா, எந்த கிடார் வாங்கலாம்?" மாதத்துக்கு நாலைந்து பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதல்முறையாகக் கல்லூரிக்குப் போனவர்கள். பறை அடிக்கும் நண்பனும் கானா பாடும் நண்பனும் ஏற்கெனவே இருக்கிறார்கள், ஒரு கிடார் சேர்ந்தால் குழு ஆகிவிடும். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியபோது இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கானாவும் கிடாரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இவர்களுக்குச் சாதாரணம். எனக்கு அது இன்னும் கொஞ்சம் புல்லரிக்கும் விஷயம்தான்.

சமூகப் பணியாளருக்கும் சால்டரிங் அயனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களும் உண்டு. எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த கிடார் ஒன்று சத்தமே வராமல் மூலையில் கிடந்தது. அதைத் திறந்து பார்த்ததில் தொடங்கியது. எம்.ஏ. சமூகவியலில் இதெல்லாம் பாடம் இல்லை. தெருமுனையில் மைக்செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர்தான் எனக்கு ஆசிரியர்.

முதலில், எதற்கு எலெக்ட்ரிக்? பறைக்குப் பக்கத்தில் சாதா கிடாரை வாசித்துப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும். விரல் ஆடுவது தெரியும், சத்தம் கேட்காது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பருத்திப் பண்ணைக் கூலியாக இருந்த மட்டி வாட்டர்ஸ் 1943-ல் சிகாகோவுக்குப் போனார். அங்கே மதுக்கூடங்களின் இரைச்சலில் அவருடைய கிடார் எடுபடவில்லை. அதனால்தான் மின்சாரக் கிடாருக்கு மாறினார். கூட்டத்துக்கு நடுவே நம் சத்தமும் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த மாற்றத்துக்குக் காரணம். நம் பிள்ளைகளுக்கும் அதே தேவைதான்.

சரி, வாங்குவதற்கு வருவோம். கையில் பணம் குறைவு என்றால் புதுசு வேண்டாம், பழசு பாருங்கள். கழுத்து வளைந்திருக்கிறதா, ஃப்ரெட்டுகள் தேய்ந்து பள்ளமாகியிருக்கிறதா, டியூனிங் சாவிகள் நழுவுகிறதா என்று முதலில் பாருங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் தொடவே வேண்டாம், அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் இன்னொரு கிடார் வாங்கிவிடலாம். ஆனால் "சவுண்டு வரல, கரகரன்னு இருக்கு, அதான் விக்கிறேன்" என்று யாராவது சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது அரை மணி நேர வேலை. விலை மட்டும் பாதியாகக் குறைந்திருக்கும்.

உள்ளே இருப்பது அவ்வளவு எளிமையானது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியளவு மெல்லிய செம்புக் கம்பியை ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று சுற்றிய ஒரு காயில். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் ஆடுகிறது, காயிலில் சின்ன மின்சாரம் பிறக்கிறது. பத்தாம் வகுப்பில் படித்த ஃபாரடேதான். அந்தச் சின்ன மின்சாரம் ஒரு சுவிட்ச், ஒரு வால்யூம் கண்ட்ரோல், ஒரு டோன் கண்ட்ரோல், ஒரு கெபாசிட்டர் வழியாக ஜாக்குக்கு வருகிறது. அவ்வளவுதான், மொத்தச் சரக்கும் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஆகவே விற்பவர் வீட்டுக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். சில நூறு ரூபாய்க்கு சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கிடாரில் ஒரு கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனியையும் உடம்பையும் மீட்டரால் தொடுங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் அளவில் இருக்கட்டும். ஒற்றைக் காயில் பிக்கப் என்றால் 5-லிருந்து 7 கிலோ ஓம் பக்கம் காட்டும். இரட்டைக் காயில் என்றால் 7-க்கு மேல். சுவிட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு பிக்கப் மட்டும் எதுவும் காட்டாவிட்டால் காயிலோ அதன் ஒயரோ அறுந்திருக்கிறது. எல்லா நிலையிலும் எதுவும் காட்டாவிட்டால் சந்தோஷப்படுங்கள், பெரும்பாலும் ஜாக்கில் ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கும். ஜீரோ காட்டினால் எங்கோ ஷார்ட். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை திருப்புங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புதுசு மாற்றுங்கள். ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம், இரட்டைக்கு 500 என்பது பொது வழக்கம். மாற்றிப் போட்டாலும் ஒன்றும் வெடித்துவிடாது, சத்தம் கொஞ்சம் மந்தமாகவோ கூர்மையாகவோ இருக்கும்.

அடுத்து எல்லோரும் புலம்பும் "ம்ம்ம்" இரைச்சல். ஒற்றைக் காயில் பிக்கப் அறையில் இருக்கும் எல்லா மின்காந்த இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும், அது அதன் பிறவிக் குணம். 1955-ல் கிப்சன் நிறுவனத்தில் இருந்த செத் லவர் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை ஒன்றோடொன்று மோதவிட்டு அணைத்தார். இரட்டைக் காயில் வந்த கதை அதுதான். உங்கள் கிடாரில் மூன்று ஒற்றைக் காயில்கள் இருந்தால், சுவிட்சை இரண்டாவது அல்லது நாலாவது நிலையில் வையுங்கள். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதாக இருந்தால் இரைச்சல் குறையும். மாறாக, அந்த நிலைகளில் சத்தம் மெலிந்து மூக்கடைத்தாற்போல் வந்தால் ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கின்றன.

விரலால் கம்பிகளைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் உள்ளே கிரவுண்டு சரியாக இருக்கிறது. கம்பியைத் தொட்டால் குறையாமல் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைந்தால், பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்டு ஒயர் விட்டுப்போயிருக்கிறது. பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் மாட்டிய தகட்டில் அது தொங்கிக்கொண்டிருக்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அதிகமானால் ஜாக்கில் ஒயர்கள் மாறியிருக்கின்றன. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் கிரவுண்டு ஒயரைப் பற்றவைக்க 25 வாட் அயன் திணறும், 40 வாட் வாங்குங்கள். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு தங்கை சொன்னாள்: "கடைக்காரர் இதெல்லாம் சொல்லவே இல்லக்கா, கைவைக்காதேன்னுதான் சொன்னார்." கண்ணாடிக் கதவு போட்ட இசைக்கருவிக் கடையில் நம் பிள்ளைகள் நிற்கும் விதம் எனக்குத் தெரியும். விலை கேட்கக்கூட வாய் வராது. அவர்களுக்கு ஒரு தகவல் சொல்வேன்: உலகம் முழுக்கக் காப்பியடிக்கப்படும் ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-ல் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். திருவிழாவுக்கும் சாவுக்கும் மைக்செட் கட்டும் நம் அண்ணன்மார் கையில் இருப்பதும் அதே வேலைதான். இசையை சபாவிலும் அறிவைப் பல்கலைக்கழகத்திலும் மட்டும் தேடும் பழக்கம் நம்மையும் விடவில்லை என்பது என் எண்ணம்.

ஆம்ப்ளிஃபயர் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்கும் மையத்துக்கும் 10, 15 வாட் போதும். 100 வாட் என்பது 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தம் இல்லை, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான். டிஸ்டார்ஷன் பெடலிலிருந்து நேராக மைக்செட் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் தேனீக்கூட்டம் மாதிரி இரையும், ஏனென்றால் கிடார் ஸ்பீக்கர் வெட்டிவிடும் கூர்ஒலியை மைக்செட் ஸ்பீக்கர் வெட்டுவதில்லை. மேடையில் கிடார் ஆம்ப் முன்னால் ஒரு மைக்கை வைப்பதே எளிய வழி. வால்வு போட்ட பழைய ஆம்ப் கிடைத்தால் வாசியுங்கள், திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. போன ஏப்ரலில் ஒரு குடியிருப்பில் அம்பேத்கர் பிறந்தநாள் மேடை. கிடாரோடு பாட வந்த தம்பி மைக்கில் உதடு பட்டதும் பின்னால் துள்ளினான். "மைக் முத்தம் குடுத்துடுச்சு" என்று கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1972 மே 3-ம் தேதி, வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி கிடாரோடு மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கிச் செத்தார். வயது 27. அங்கேயும் எர்த்தில்தான் கோளாறு.

நடப்பது இதுதான். கிடாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கின்றன. அந்தக் கூடு மூன்றாவது முள் வழியாக மண்ணோடு சேர்ந்திருக்க வேண்டும். எர்த் இல்லாமல் ஆம்ப்பில் கசிவு ஏற்பட்டால் கம்பி 230 வோல்ட் வரை போகலாம். மைக்கோ இன்னொரு பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. கையில் கம்பி, உதட்டில் மைக், நடுவே இருதயம். இரைச்சல் குறையுது என்று சிலர் அந்த மூன்றாவது முள்ளை உடைக்கிறார்கள், அல்லது இரண்டு முள் அடாப்டரில் செருகுகிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதே அது முதலில் தொட்டுக் கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான். இரைச்சல் போக வேண்டுமானால் ஆம்ப், பெடல், மிக்சர் எல்லாவற்றையும் ஒரே எர்த் உள்ள பெட்டியிலிருந்து எடுங்கள்.

நம் தெருக்களில் சிக்கல் இன்னும் கூடுதல். மேடைக்கு மின்சாரம் பக்கத்து வீட்டிலிருந்தோ ஜெனரேட்டரிலிருந்தோ வருகிறது. நான் வேலை செய்யும் பகுதியில் பல வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. அதைச் சரிசெய்யக் கேட்பது குடிநீர் கேட்பதைப் போன்ற உரிமைக் கோரிக்கைதான், மனுவில் எழுதலாம்.

மேடை அன்று செய்ய வேண்டியது இவ்வளவு. எலெக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் பல்பை ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துக் காட்டச் சொல்லுங்கள், முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஆன் செய்த பிறகு, யாரும் வாய் வைப்பதற்கு முன்னால், மல்டிமீட்டரை ஏ.சி. உயர் வோல்டேஜில் வைத்து, முனைகளின் உலோகத்தில் விரல் படாமல், ஒன்றைக் கம்பியிலும் மற்றொன்றை மைக் வலையிலும் தொடுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் பாடலாம். பத்து, நூறு என்று காட்டினால் அது மீட்டர் காட்டும் பேய் வோல்டேஜாகவும் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். எர்த்தைச் சரிபார்க்கும்வரை கிடாரைத் தொடாதீர்கள். "நேரமாச்சு, பேச்சாளர் வந்துட்டார்" என்று விழாக்குழு கத்தும். கத்தட்டும்.

மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும் வாங்கிவிடுங்கள், ரிச்சி தெருவிலேயே கிடைக்கும். மழை நேரத்தில் அது நனைந்துவிட்டால் கழற்றிப் போட்டுவிட்டு ஒயர்லெஸ் மைக் கேளுங்கள்.