எந்த ஊர்?

பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், கலியாண வீட்டில் என்று எங்கும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. இடம்பெயர்ந்து வாழும் பெண்ணுக்கு அப்படியல்ல.

நான் மன்னார் மாவட்டத்தில் பிறந்தவள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது 70,000க்கும் அதிகமானோர் ஊரை இழந்தோம். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தோம். எங்கள் குடும்பம் சில காலம் முகாமில் இருந்துவிட்டு, களப்போரத்திலுள்ள கரைத்தீவில் குடியேறியது. நான் கலியாணம் முடித்ததும் பிள்ளைகளைப் பெற்றதும் இங்கேதான். வாப்பாவை அடக்கியதும் இந்த மண்ணில்தான்.

ஆனாலும் இங்குள்ளவர்கள் கேட்டால் "மன்னார்" என்பேன். மன்னாருக்குப் போனால் என்னைப் "புத்தளத்து ஆள்" என்கிறார்கள். கொழும்பில் கேட்டால் "கரைத்தீவு" என்பேன். "அம்பாறையில் இருக்கிற காரைதீவா?" என்று திரும்பக் கேட்பார்கள். இந்தப் பதில்களில் எதுவும் பொய் இல்லை.

நமது மொழியே இதற்கு இடம் தருகிறது என்பதை மானிடவியலாளர் வலன்டைன் டானியல் 1984இல் வெளியான தமது நூலில் விளக்கியிருக்கிறார். திருச்சி மாவட்டக் கிராமமொன்றில் தங்கி அவர் ஆராய்ந்த சொற்களில் ஒன்று "ஊர்". கிராமம் என்பது அரசாங்கம் எல்லை போட்டு வைத்தது; யார் சொன்னாலும் மாறாது. ஊர் அப்படியல்ல. சொல்பவர் யார், கேட்பவர் யார், எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்து அது சிறுக்கும், பெருக்கும். அதோடு, ஒரு ஊரின் மண்ணும் தண்ணீரும் உணவு வழியாக மனிதரின் உடம்பிலும் குணத்திலும் சேர்கின்றன என்று அம்மக்கள் நம்புவதையும் அவர் எழுதியிருக்கிறார். நாமும் புதிய இடத்துக்குப் போனால் "தண்ணி ஒத்துக்கொண்டதா?" என்றுதானே கேட்கிறோம்! 30 வருடங்களுக்கு மேலாக நான் குடிப்பது கரைத்தீவுத் தண்ணீர். அதற்கு முன் குடித்தது மன்னார்த் தண்ணீர். இரண்டும் என் உடம்பில் இருக்கின்றன.

விண்ணப்பப் படிவத்துக்கு இது விளங்காது. அதில் "நிரந்தர முகவரி" என்று ஒரே ஒரு கோடுதான் இருக்கும். யுத்தம் 2009இல் முடிந்த பின்னர் ஓர் அலுவலகத்தில், "அங்கேயா இங்கேயா, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று என்னைக் கேட்டார்கள். அங்கே என்றால் இங்குள்ள பதிவு போகும். இங்கே என்றால் அங்குள்ள காணியில் உனக்கென்ன உரிமை என்பார்கள். ஒரு சொல்லை நாம் பேசும் விதமும் அலுவலகம் எழுதும் விதமும் வேறாகும்போது, நஷ்டம் நமக்குத்தான்.

இந்தச் சிக்கல் வீட்டுக்குள்ளும் உண்டு. 1989இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட டொக்டர் ராஜனி திராணகமவின் மகள் சாரிக்கா, 2011இல் வெளியிட்ட ஆய்வு நூலில் புத்தளத்தில் வாழும் வடபகுதி முஸ்லிம்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரியவர்கள் விட்டுவந்த இடத்தை ஊர் என்கிறார்கள். பிள்ளைகளுக்கோ அது கேட்டு அறிந்த ஊர்; அவர்கள் வளர்ந்தது புத்தளத்தில். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். உம்மாவுக்கு மன்னாரில் மௌத்தாக வேண்டும் என்று ஆசை. மூத்த மகளோ, "என்ட ஊர் இதுதானே உம்மா. எனக்கு அங்க ஆரைத் தெரியும்?" என்கிறாள். நடுவில் நிற்பவள் நான்.

உம்மாவின் ஏக்கத்தைக் காட்டி மகளை வற்புறுத்தவும், மகளின் வாழ்க்கையைக் காட்டி உம்மாவின் வாயை அடைக்கவும் எனக்கு மனமில்லை. இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உம்மா பிறந்த வீட்டைச் சொல்கிறார், மகள் தன் சிநேகிதிகளைச் சொல்கிறாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். அப்போது யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். விட்டுவந்த வீட்டின் கிணறு, அயலவர் பெயர்கள், காணி உறுதியின் விபரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். போவதா இருப்பதா என்பதை அவர்கள் அறிந்து முடிவு செய்யட்டும். யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால் கூச்சப்படாமல் இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.