கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு

புனித அந்தோனியாரின் அங்கி கபில நிறம். இடுப்பில் தொங்கும் முடிச்சுக் கயிறு வெள்ளை. கையிலுள்ள லில்லி மலரும் வெள்ளை. இந்தச் சுரூபத்தை யாரோ கைபேசியில் எடுத்த படத்தை அப்படியே செதுக்கு மெஷினுக்குக் கொடுத்தால் என்ன வரும் என்பதை வஹகோட்டையில் ஒரு மரப்பட்டறையில் பார்த்தேன். அங்கி பலகைக்குள் குழியாக இறங்கியிருந்தது. லில்லி, புனிதரின் மூக்கையும் தாண்டி முன்னால் வந்து நின்றது. தாடைக்குக் கீழே விழுந்த நிழலை மெஷின் பள்ளமாக எடுத்துக்கொண்டதால் கழுத்தில் ஒரு பிளவு. மெஷினில் கோளாறு எதுவும் இல்லை. கறுப்பு என்றால் பள்ளம், வெள்ளை என்றால் மேடு, இடையிலுள்ள சாம்பல் எல்லாம் அதற்கேற்ற ஆழம் என்பதுதான் அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. அதை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது.

பட்டறைக்காரர் அந்தப் பலகையை விறகாக்கவில்லை. படம் கொண்டு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறார்.

வஹகோட்டை, கலேவெலவுக்குக் கிட்ட உள்ள பழைய கத்தோலிக்கக் கிராமம். கண்டி இராச்சியத்துக்குள் குடியமர்ந்த போர்த்துக்கேய வழிவந்த குடும்பங்கள் இங்கே இருந்தன. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கிய காலத்தில் மலைநாட்டில் அந்த விசுவாசம் தங்கியிருந்த இடங்களில் இதுவும் ஒன்று. அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் மாதத் திருவிழாவில் சிங்களவர், தமிழர், கத்தோலிக்கர், பௌத்தர், இந்துக்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். ஆகவே பட்டறையின் ஓடர் புத்தகத்தில் கதவு, கட்டில் தலைமாட்டுப் பலகை, அலமாரிக்கு இணையாகச் சுரூப வேலையும் இருக்கிறது: வீட்டுச் சின்னப் பீடம், செபஅறைக் கதவு, நேர்த்திக்கடனுக்குக் கொடுக்கும் பலகை.

பட்டறையில் இருவர் முக்கியம். ஒருவர் அந்த ஊர்ச் சிங்களவர், வயதான தச்சு பாஸ், பலாவிலும் தேக்கிலும் உளி பிடித்து வளர்ந்தவர். மற்றவர் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் தமிழ் இளைஞர். அவர் முன்னால் மரம் இல்லை, கணினிதான் இருக்கிறது. நான் போனது அவரைப் பார்க்க. மெஷின் செதுக்குவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். மெஷினுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை யாரும் காட்டுவதில்லை.

கழுத்துப் பிளந்த பலகையைக் காட்டி, "இது என்ன நடந்தது தம்பி?" என்றேன்.

"சேர், போட்டோவுல ஆழம் இல்ல, வெளிச்சம் மட்டுந்தான் இருக்கு. வெளிச்சத்த வெட்டினா இப்பிடித்தான் வரும்."

இந்தத் தொழிலின் மொத்தப் பாடும் அதில் அடங்கிவிட்டது. ஒளிப்படம், வெளிச்சம் எங்கே விழுந்தது என்று சொல்லும். மெஷினுக்கு வேண்டியது மூக்கு எவ்வளவு உயரம், அதைவிடக் கன்னம் எவ்வளவு தாழ்வு என்ற கணக்கு. அந்தக் கணக்கைத்தான் சாம்பல் நிறத்தில் எழுதிய படமாகக் கொடுக்க வேண்டும். பார்ப்பதற்கு அது பனிமூட்டத்தில் நிற்கும் ஆள் போலிருக்கும். நிழல் ஒன்றும் இராது. அதை யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

வெறும் எழுத்து, கொடி, தாமரைச் சக்கரம் என்றால் சிரமம் குறைவு. கோட்டோவியமாக வரைந்து, கோட்டின் அகலத்துக்கேற்ப 'வி' வடிவ பிட் (வெட்டும் முனை) ஆழமாகவோ மேலாகவோ ஓடும்படி விடலாம். உருவம் என்று வந்துவிட்டால்தான் பாடு. இதற்கு இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் அதிகம் புழங்குவது ஆர்ட்காம் என்ற மென்பொருள். ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018இல் அதை விற்பதை நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய பதிப்பை விட்டு இளைஞர்கள் நகரவில்லை. கை பழகிவிட்டது. இந்த இளைஞரும் அதில்தான் உருவத்தின் வெளிக்கோட்டை முதலில் வரைகிறார். தலை, கை, குழந்தை இயேசு, புத்தகம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊதி எழுப்புகிறார். பிறகு எது எதன் மேல் கிடக்க வேண்டும் என்று அடுக்குகிறார். அங்கியின் மடிப்புகளை மவுஸால் தடவித் தடவி உயர்த்துகிறார், தாழ்த்துகிறார்.

மெஷின் பிட்டையும் மனத்தில் வைத்துத்தான் இதெல்லாம். 3 மில்லிமீற்றர் உருண்டை முனை பிட் ஒன்று அதைவிட ஒடுங்கிய பள்ளத்துக்குள் போகாது. ஒரு அடி உயரப் பலகையில் குழந்தை இயேசுவின் கண் மொத்தமே 3 மில்லிமீற்றர் வந்தால், திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் மரத்தில் அது வெறும் குழிதான். அதனால் இமையைக் கொஞ்சம் தடிப்பாக்கி, கண்ணை நிஜத்தைவிடச் சற்றுப் பெரிதாக்கிவிடுகிறார். கூர்முனை பிட் போடலாம், நேரம் எகிறும். 600க்கு 300 மில்லிமீற்றர் பலகையை 0.3 மில்லிமீற்றர் இடைவெளியில் கோடு கோடாகச் சீவினால் 2,000 கோடுகள். பிட் ஓடும் தூரம் 600 மீற்றர். நிமிடத்துக்கு 3 மீற்றர் வேகமென்றாலும் மூன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். இடைவெளியைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்பு. அவ்வளவு நேரத்தையும் பலகையையும் கொடுக்கிற அளவுக்குப் படம் தகுதியானதுதானா என்பதை மெஷினைத் தொடங்குமுன் தீர்மானிக்கிறவர் இவர்தான்.

நான் இருந்தபோது ஒரு பலகை இறங்கியது. பலா மரம், மஞ்சள் மாறாதது. தூசை ஊதிவிட்டுப் பார்த்தேன், எனக்குக் குறை தெரியவில்லை. பாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெருவிரலால் குழந்தையின் கன்னத்தைத் தடவினார். மறுபடி தடவினார். "மாத்தயா, இங்கே கட்டம் கட்டமாக ஏதோ இருக்கிறது" என்று சிங்களத்தில் சொல்லி என் விரலைப் பிடித்து வைத்தார். இருந்தது. சாய்வாக டோர்ச் அடித்ததும் கண்ணுக்கும் தெரிந்தது: வழுவழுப்பாக இருக்க வேண்டிய கன்னத்தில் நுண்ணிய சதுரங்கள், வரிசை வரிசையாக.

இளைஞருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தக் கன்னத்தின் சாம்பல் படத்தை வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வாட்ஸ்அப் படத்தை ஜேபெக் முறையில் சுருக்கித்தான் அனுப்பும். அப்படிச் சுருக்கும்போது 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறார்கள். கட்டங்களின் ஓரத்தில் நிறம் ஒரு இம்மி முன்பின்னாகும். கண் அதை மன்னித்துவிடும். மெஷினுக்கு நிறம்தான் உயரம் என்பதால் அந்த இம்மியையும் செதுக்கி வைத்துவிட்டது. இன்னொரு சிக்கலும் இதோடு சேர்ந்தது. சாதாரணப் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள்தான். 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு அதை நீட்டினால் படி ஒன்றுக்கு 0.1 மில்லிமீற்றர் வரும். மெல்லச் சரியும் கன்னத்தில் அது வரப்பு வரப்பாகத் தெரியும். 16 பிட் (இது கணினிக் கணக்கு, வெட்டும் பிட் அல்ல) படமென்றால் 65,536 படிகள், அந்தத் தொல்லை இராது. இளைஞர் கன்னத்தை மட்டும் புதிதாக எழுப்பி, கட்டங்களை வழித்தெடுத்து, 16 பிட்டில் சேமித்தார். மரத்திலிருந்த கன்னத்தை பாஸ் உப்புத்தாளால் சரிசெய்தார். கணினியில் கிடந்த பிழையை முதலில் கண்டுபிடித்தது அந்தக் கிழவரின் பெருவிரல் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

படத்திலிருந்து ஆழத்தைத் தானாக ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் இளைஞர் முயன்றிருக்கிறார். ஆளைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டுவதில் அவை கெட்டிதான். ஆனால் அவை ஊகிப்பது கமராவிலிருந்து உள்ள தூரத்தை. புடைப்புச் செதுக்கலுக்கு உண்மையான தூரம் உதவாது. பத்து மில்லிமீற்றருக்குள் ஆள், பீடம், பின்னால் வளைவு எல்லாம் அடங்க வேண்டும். முன்னால் உள்ளது முன்னாலும் பின்னால் உள்ளது பின்னாலும் தெரியவும் வேண்டும். அந்த நசுக்கலில்தான் கலை. அந்தோனியார் அடக்கமான பதுவா நகர்ப் பேராலயத்தின் பீடத்துக்கு, 1440களில் சிற்பி டொனாடெல்லோ அந்தப் புனிதரின் அற்புதங்களை வெண்கலப் புடைப்புகளாகச் செய்தார். மிகக் குறைந்த ஆழத்தில் பெரிய மண்டபங்கள், கூட்டம் கூட்டமாக மக்கள். அவற்றின் படங்களைக் கைபேசியில் எடுத்துக் காட்டியபோது இளைஞர் வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில், "பின்னால உள்ள தூண வெறும் கோடா விட்டுட்டாரு சேர்" என்றார். சரியான இடத்தில் கண் போயிருந்தது.

எனக்குக் கவலையான விடயம் வேறு. பெரும்பாலான வேலைக்கு இப்படி யாரும் படம் செய்வதே இல்லை. இந்தியாவிலும் சீனாவிலும் செய்த ஆயிரக்கணக்கான புடைப்பு பைல்கள் பென்ட்ரைவில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பலவற்றுக்குச் செய்தவர் பெயரே கிடையாது. ஒரே மயில், ஒரே குதிரை, ஒரே இலட்சுமி. யாழ்ப்பாணத்தில் பார்த்த கதவை மாத்தளையிலும் பார்க்கிறேன். ஒரு மயிலை அளவு குறைத்துப் போட்டு, தோகையின் கண்கள் எல்லாம் பிட்டுக்கு எட்டாமல் மழுங்கிப்போயிருந்த கதவொன்று அதே பட்டறையில் டெலிவரிக்குக் காத்திருந்தது. "படம் நெட்டுல சும்மா கிடக்குதானே" என்று சொல்லும் வாடிக்கையாளர் படத்துக்கென்று ஒரு சதமும் தருவதில்லை. அப்படியிருக்க, உட்கார்ந்து வரைய யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் இந்த இளைஞர் வரைகிறார். தன் தோட்டத்துக் கோவிலின் பழைய மர மயில் வாகனத்தை, கோவில் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டு, மழை மூட்டமான நாளொன்றில் வெளியே வைத்துச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்திருக்கிறார். மூட்டம் ஏனென்றால் வெயிலில் நிழல் விழுந்து கணினியைக் குழப்பும். ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் வர வேண்டும். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொருத்தி முப்பரிமாண உருவமாக்கியது. அதை நசுக்கிப் பலகைக்கு இறக்கியபோது வந்த மயில் கழுத்துக் குறுகி, மார்பு புடைத்து, கொஞ்சம் கோபத்தோடு நிற்கிறது. எந்த பென்ட்ரைவிலும் அந்த மயில் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1983 கலவரத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குத் தீ வைத்தார்கள், தேரும் தப்பவில்லை. மரம் எரிந்தால் அதோடு வடிவமும் போய்விடும், வேறெங்காவது பதிந்து வைக்காவிட்டால். கண்டிப் பக்கத்து எம்பெக்கே தேவாலயத் தூண்களின் சதுரப் புடைப்புகள், மாத்தளை மாவட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி எழுப்பிய நாலந்த கெடிகேயின் பல்லவச் சாயல் முகங்கள் எல்லாம் கதவுக்கும் பீடத்துக்கும் வரத் தகுந்தவை. கோட்டு வேலைக்குக் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி ஒரு புதையலையே விட்டுப்போயிருக்கிறார். 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கொடி, தாமரை, அன்னம் என்று கண்டிக் கைவினைஞரின் வடிவங்கள் கோட்டோவியங்களாகக் கிடக்கின்றன. அவர் 1947இல் காலமானவர். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, யாரும் எடுத்து வரையலாம். ஸ்கான் செய்த பக்கங்களை இளைஞருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்தோனியார் பலகை முடிவதற்கு இன்னும் வேலை இருந்தது. மூன்று அச்சில் ஓடும் மெஷின் மேலிருந்து நேராகத்தான் வெட்டும். கயிற்றுக்கு அடிப்புறம், குழந்தையின் விரலுக்குப் பின்புறம் அதற்கு எட்டாது. அங்கே பாஸ் உளி போட்டு, கயிற்றை அங்கியிலிருந்து கொஞ்சம் கிளப்பி விட்டார். அதன் பிறகுதான் கயிறு கயிறாக நின்றது. பில் எழுதும் நேரம் பட்டறைக்காரர் மரம், மெஷின் நேரம், கைவேலை என்று மூன்று வரி எழுதிவிட்டு நிறுத்தினார். பாஸ்தான் நான்காவது வரிக்குச் சொன்னார்: படம் செய்த கூலி. எவ்வளவு போடுவது என்று இளைஞரிடமே கேட்டார்கள். ஒரு நாள் தச்சுக் கூலி அளவு என்றார் அவர். அது குறைவு, இரண்டு நாள் போடு என்றார் பாஸ்.